தங்கினால்தான் வரி

கன்டெய்னர் ஒன்றின் கதவை நெருங்கி நின்று படித்தவர்கள் நம்மில் குறைவு. எண்ணூர் விரைவுச் சாலையில் ட்ரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும்போது கண்ணில் படுவது நிறமும் கம்பெனிப் பெயரும்தான். பக்கத்தில் போனால் வலது கதவின் மேற்பகுதியில் நான்கு எழுத்துகள், ஆறு இலக்கங்கள், அதற்கடுத்துக் கட்டம் போட்ட ஒற்றை இலக்கம் ஒன்று தெரியும். அதற்குக் கீழே அளவுக் குறியீடு, ஏற்றக்கூடிய மொத்த எடை, வெறும் பெட்டியின் எடை. இடது கதவின் அடிப்பகுதியில் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய உலோகத் தகடு ஒன்றை ரிவெட் அடித்துப் பொருத்தியிருப்பார்கள். தயாரித்த மாதமும் ஆண்டும், அடுக்கினால் தாங்கும் சுமை, தரைப் பலகைக்குப் போட்ட பூச்சிமருந்தின் பெயர் என்று அதில் பல வரிகள் உண்டு. அவற்றில் ஒன்று, சுங்க முத்திரையின் கீழ் சரக்கு ஏற்றிச் செல்ல இந்தப் பெட்டிக்கு அங்கீகாரம் உண்டு என்கிறது.

அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இந்தப் பெட்டி ஊர் ஊராகச் சுற்றியிருக்காது. சீனத்துத் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து பழைய இரும்பாகும் நாள் வரை, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், அது எத்தனையோ நாடுகளுக்குள் நுழைந்து வெளியேறுகிறது. நுழைந்த எந்த நாட்டிலும் தனக்கென்று இறக்குமதி வரி கட்டுவதில்லை. உள்ளே இருக்கும் சரக்குக்கு மதிப்பு பார்த்து, வகை பார்த்து, வரி போட்டு, சந்தேகம் வந்தால் பிரித்தும் பார்க்கிற அதே சுங்கத்துறை, வெளியே இருக்கும் பெட்டியிடம் கேட்பது ஒரே கேள்வி: எப்போது திரும்பிப் போவாய்?

இது சின்னச் சலுகை என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். புதுப் பெட்டி ஒன்றின் விலை மூன்று லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நுழையும் நாடுகள் ஒவ்வொன்றும் பத்து விழுக்காடு வரி போட்டால் ஒவ்வொரு தடவைக்கும் முப்பதாயிரம். ஆண்டுக்கு ஐந்து துறைமுகங்களில் இறங்கினால் ஒன்றரை லட்சம். இரண்டே ஆண்டுகளில் பெட்டியின் விலை முழுவதும் வரியாகவே போயிருக்கும். அந்தச் செலவைக் கப்பல் கம்பெனி தன் தலையில் போட்டுக்கொள்ளாது; உள்ளே போகிற ஆம்பூர் செருப்பின் மேலும் திருப்பூர் பனியனின் மேலும்தான் அது விழும்.

பெட்டி பிறக்கும் இடம் பெரும்பாலும் சீனா. துருவை எதிர்த்து நிற்கும் எஃகுத் தகட்டை அலை அலையாக மடித்து, எட்டு மூலைகளிலும் வார்ப்பிரும்புபோல் தெரிகிற கனத்த எஃகுக் குழிகளை வைத்து வெல்டு செய்கிறார்கள். தரைக்கு 28 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை. பிறகு எண். முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளருடையவை. அவற்றைப் பதிந்து வைத்திருப்பது 1933-இல் பாரிஸில் தொடங்கிய சர்வதேச கன்டெய்னர் பணியகம். நான்காவது எழுத்து சரக்குப் பெட்டிகளுக்கு எப்போதும் யூ. அடுத்த ஆறு இலக்கங்கள் அந்த உரிமையாளரிடம் இருக்கும் வரிசை எண்.

கட்டத்துக்குள் தனியாக நிற்கும் கடைசி இலக்கம் காவல்காரன். பயிற்சி வகுப்புகளில் வழக்கமாகக் காட்டும் எண்ணையே எடுத்துக்கொள்வோம்: சி.எஸ்.க்யூ.யூ. 305438. ஆங்கில எழுத்துகளுக்கு 10-இலிருந்து தொடங்கி மதிப்பு தருகிறார்கள். 11-ஆல் வகுபடும் எண்களைத் தாண்டிவிடுவார்கள். அப்படி சி 13, எஸ் 30, க்யூ 28, யூ 32. இந்த நான்கையும் அடுத்து வரும் ஆறு இலக்கங்களையும் முறையே 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே 512 வரை போகும் எண்களால் பெருக்கிக் கூட்டினால் 6185 வரும். அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. பெட்டியில் கட்டத்துக்குள் எழுதியிருப்பதும் அதே 3. துறைமுக வாயிலில் இரவுப் பணியில் இருக்கும் எழுத்தர் இலக்கம் ஒன்றை மாற்றி அடித்தால் கணினி உடனே மறுத்துவிடும். உலகத்தில் கோடிக்கணக்கான பெட்டிகள் சுற்றுகின்றன. ஒன்றை இன்னொன்று என்று சொல்லி ஏமாற்ற முடியாமல் இருப்பதற்கு இந்த எளிய பெருக்கல் பெரிய காரணம். சுங்கத்துறையின் தாராளம் எல்லாம் இந்த எண்ணை நம்பித்தான் நிற்கிறது.

எண் இருந்தால் மட்டும் போதாது, பெட்டியின் உடம்பும் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். முத்திரையை உடைக்காமல், தடயம் விடாமல் சரக்கை எடுக்கவோ உள்ளே வைக்கவோ முடியக் கூடாது. பொருளை மறைத்து வைக்கும்படியான இரட்டைச் சுவரோ பொந்தோ இருக்கக் கூடாது. சரக்கு வைக்க முடிகிற இடமெல்லாம் அதிகாரியின் கைக்கு எட்ட வேண்டும். விதி இவ்வளவுதான். திருடனுக்கும் இது தெரியும். அவன் முத்திரையைத் தொடமாட்டான். கதவுக் கைப்பிடியைப் பிடித்திருக்கும் ரிவெட்டைச் சாணைச் சக்கரத்தால் அறுத்து, கைப்பிடியை முத்திரையோடு சேர்த்து நகர்த்திக் கதவைத் திறந்து, வேலை முடிந்ததும் புது ரிவெட் அடித்து மேலே பெயின்ட் பூசிவிடுவான். அதனால்தான் விவரம் தெரிந்த சர்வேயர் முத்திரை எண்ணைச் சரிபார்த்ததோடு நிற்காமல் ரிவெட்டின் தலையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கிறார். சுற்றிலும் வெயிலில் வெளுத்த பெயின்ட் இருக்க, ஒரு ரிவெட்டின் மேல் மட்டும் பளபளப்பு இருந்தால் அந்தப் பெட்டி தனியாக நிறுத்தப்படும்.

பெட்டிக்கு வரி வேண்டாம் என்று நாடுகள் ஒத்துக்கொண்ட கதையில் ஓர் ஆச்சரியம் உண்டு. கன்டெய்னர் வரலாறு என்றால் எல்லோரும் 1956 ஏப்ரல் 26-இல் இருந்து தொடங்குவார்கள். அன்றுதான் மால்கம் மக்லீனின் ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் 58 பெட்டிகளோடு அமெரிக்காவின் நுவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. அது உள்நாட்டுப் பயணம், சுங்கமே குறுக்கிடவில்லை. அதே ஆண்டு மே 18-இல், மூன்றே வாரம் கழித்து, ஜெனீவாவில் ஐரோப்பிய நாடுகள் கன்டெய்னர்களுக்கான முதல் சுங்க உடன்படிக்கையை முடித்தன. மக்லீனைப் பார்த்துச் செய்ததல்ல அது. ஐரோப்பாவில் ரயிலிலும் லாரியிலும் எல்லை தாண்டும் சிறு பெட்டிகள் அதற்கு முன்பே பழக்கத்தில் இருந்தன. எல்லைக்கு எல்லை பெட்டிக்கு வரி, பிணை, காகிதம் என்று அலுத்துப்போனவர்கள் எழுதிய உடன்படிக்கை அது. கடலில் பெரும்பெட்டி வந்து சேர்ந்தபோது அதற்கான சட்டம் ஏற்கெனவே காத்திருந்தது. மக்லீனின் புகழில் ஒரு பங்காவது, பெயர் தெரியாத அந்த ஜெனீவா எழுத்தர்களுக்குச் சேர வேண்டும் என்பது என் எண்ணம்.

1972 டிசம்பர் 2-இல் அந்த உடன்படிக்கை புதுப்பிக்கப்பட்டது. பெட்டிகளின் பாதுகாப்புக்கான உடன்படிக்கையும் அதே நாளில் முடிந்தது. கதவுத் தகட்டில் இரண்டின் வரிகளும் அருகருகே இருப்பது அதனால்தான். புதிய சுங்க உடன்படிக்கை 1975 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. திரும்பத் திரும்பப் பயன்படும் உறுதி உடையது, உள்ளளவு ஒரு கன மீட்டருக்குக் குறையாதது என்று பெட்டிக்கு இலக்கணம் சொன்னது. மூன்று மாதத்துக்குள் திரும்பப் போகும் பெட்டிக்கு வரியும் வேண்டாம், பொதுவாகத் தனிக் காகிதமும் பிணையும்கூட வேண்டாம்; காரணம் இருந்தால் தவணையை நீட்டலாம் என்றது. போகும் வழியில் உள்நாட்டுச் சரக்கை ஏற்றலாமா? ஏற்றலாம், ஆனால் ஒரே ஒரு தடவை. அதுவும் ஏற்றுமதிச் சரக்கு காத்திருக்கும் இடத்தை நோக்கி ஓரளவு நேரான வழியில் போகும்போது மட்டும். உள்ளூர் லாரிக்காரர் பிழைப்பையும் காப்பாற்ற வேண்டும், பெட்டி காலியாக ஓடும் வீணையும் குறைக்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் யோசித்து எழுதிய விதி.

விபத்தில் நசுங்கிய பெட்டியைத் திருப்பி அனுப்பு என்று கேட்பதில் அர்த்தமில்லை. அதற்கும் வழி சொல்லியிருக்கிறார்கள்: இருக்கும் நிலைக்கு வரி கட்டலாம், அரசுக்கே விட்டுக்கொடுக்கலாம், அல்லது அதிகாரி முன்னிலையில் அழிக்கலாம். அழித்தபின் மிஞ்சும் இரும்புக்கு வரி உண்டு.

இந்தியாவில் இதே காரியத்தைச் செய்வது 1994 மார்ச் 16-இல் வெளியான 104/94 என்ற சுங்க அறிவிக்கை. நீண்ட நாள் உழைக்கும் தன்மையுள்ள கொள்கலன்களுக்கு வரி இல்லை என்கிறது அது. இறக்குமதி செய்பவர் பத்திரம் எழுதித் தர வேண்டும்; ஆறு மாதத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்; அனுப்பியதற்கு ஆவணம் காட்ட வேண்டும்; தவறினால் வரியைக் கட்ட வேண்டும். தக்க காரணம் இருந்தால் ஆறு மாதத்தை நீட்டிக்க அதிகாரிக்கு இடம் உண்டு. சில வரிகளில் முடிந்துவிடுகிற அறிவிக்கை. சென்னை, தூத்துக்குடி, நவசேவா என்று எந்தத் துறைமுகத்தில் வெளிநாட்டுப் பெட்டி இறங்கினாலும் அதன் தலைக்கு மேல் இருப்பது இந்தச் சில வரிகள்தான்.

1983-இல் மதறாஸ் துறைமுகத்தில் கன்டெய்னருக்கென்றே முனையம் திறந்த காலத்திலிருந்து, இந்தப் பக்கத்துப் பெட்டியின் நடமாட்டம் ஏறக்குறைய ஒரே தடத்தில் போகிறது. ஷாங்காயிலிருந்து நாற்பதடிப் பெட்டி ஒன்று ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைக்கு உதிரிபாகங்களோடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கப்பல் வருமுன்பே இறக்குமதிச் சரக்குப் பட்டியலில் அதன் எண் ஏறிவிடும். உதிரிபாகங்களுக்கு இறக்குமதியாளர் பில் ஆஃப் என்ட்ரி போட்டு வரி கட்டுகிறார். பெட்டிக்குக் கப்பல் கம்பெனியின் ஏஜென்ட் ஏற்கெனவே எழுதிக்கொடுத்த பத்திரம் போதும். ட்ரெய்லர் தொழிற்சாலைக்குப் போகிறது, சரக்கு இறங்குகிறது, காலிப் பெட்டி மணலி, மாதவரம் பக்கத்து எம்ப்டி யார்டுக்குத் திரும்புகிறது. அங்கே உள்ளே ஆளை விட்டுக் கதவைச் சாத்தி, எங்காவது வெளிச்சப் பொட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ஓட்டை இருந்தால் வெல்டிங். எண்ணெய் நாற்றம் இருந்தால் கழுவல். தேறிய பெட்டி ஆம்பூருக்கோ ராணிப்பேட்டைக்கோ போய்த் தோல் சரக்கை ஏற்றிக்கொண்டு, புது முத்திரையோடு துறைமுகத்துக்கு வருகிறது. ஏற்றுமதிச் சரக்குப் பட்டியலில் அதே எண் ஏறுகிற அன்று பத்திரத்தில் அதன் கணக்குத் தீர்கிறது.

இதற்குள் பெட்டியின் மேல் இன்னொரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கும். கப்பல் கம்பெனி தரும் இலவச நாட்கள் முடிந்தபின் காலிப் பெட்டியைத் திருப்பித் தராதவர், நாளுக்கு இவ்வளவு என்று டிடென்ஷன் கட்ட வேண்டும். சுங்கத்தின் ஆறு மாதத்தைப் பற்றிச் சிறு இறக்குமதியாளர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். அவர் தூக்கத்தைக் கெடுப்பது இந்த டிடென்ஷன்தான்.

சென்னையில் ஏறிய பெட்டி பல நேரம் கொழும்பில் இறங்கிப் பெரிய கப்பலுக்கு மாறுகிறது. அங்கே அது இலங்கைக்குள் நுழைவதே இல்லை. துறைமுக வளாகத்துக்குள்ளேயே ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடுகிறது. பிறகு ஐரோப்பா. அங்கிருந்து காலியாகவோ நிறைந்தோ சீனா. இன்னொரு சுற்றில் அமெரிக்கா. அமெரிக்கச் சட்டம் இந்தப் பெட்டியைச் சரக்கு என்று எண்ணுவதே இல்லை. சர்வதேசப் போக்குவரத்தின் கருவி என்ற தனி வகையில் வைத்து, உள்ளே ஓடித் திரிய 365 நாள் தருகிறது.

2020-க்குப் பிறகு வந்த தட்டுப்பாட்டில், இப்படி ஓடிக்கொண்டே இருப்பதன் அருமை எல்லோருக்கும் புரிந்தது. பெருந்தொற்றில் அமெரிக்கத் துறைமுகங்களும் கிடங்குகளும் திணற, பெட்டிகள் அங்கேயே தேங்கின. சீனாவில் வாடகை ஏறியதால் கப்பல் கம்பெனிகள் எங்கிருந்தும் காலிப் பெட்டிகளைச் சீனாவுக்கே விரட்டின. இங்கே சரக்கு தயாராக இருந்தும் பெட்டி கிடைக்காமல் ஏற்றுமதியாளர்கள் நாட்களை எண்ணினார்கள். அந்த நிலைமையில் ஆறு மாதக் கெடு எதிர்வேலை செய்தது: கெடு நெருங்கிய பெட்டியைக் காலியாகவாவது வெளியே அனுப்பிவிட வேண்டிய கட்டாயம். 2021 செப்டம்பரில், சரக்கோடு திரும்பிப் போகும் பெட்டிகளுக்கு மூன்று மாதம் கூடுதல் தவணை தரும்படி மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் அறிவுறுத்தியது. காலியாகப் போவதைவிட நம் சரக்கோடு போகட்டும் என்ற நினைப்பு சரியானது. இன்னும் முன்பே வந்திருக்கலாம்.

இனி இந்தப் பெட்டியின் ஏழைத் தம்பிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு மனத்தாங்கல் இருப்பது இங்கேதான். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வெளிநாட்டிலிருந்து எஞ்சின் பாகங்கள் வரும் இரும்பு ரேக்குகள், மடக்கி அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டிகள், வாயு உருளைகள் எல்லாம் திரும்பத் திரும்பப் பயன்படுபவைதான். 104/94 சொல்லும் நீண்ட நாள் உழைக்கும் கொள்கலன் என்ற விவரிப்பு இவற்றுக்கும் பொருந்தும். உலகம் முழுக்கப் பொதுவான சரக்கு வகைப்பாட்டு விதியும் இவற்றை விட்டுவிடவில்லை: பொருளோடு வரும் சாதாரணப் பொதியைப் பொருளோடு சேர்த்தே வகைப்படுத்தலாம், ஆனால் மறுபடி மறுபடி பயன்படத் தக்கதென்று தெளிவாகத் தெரியும் பொதிக்கு அது கட்டாயமில்லை என்று ஐந்தாவது விதி சொல்கிறது. அதாவது அட்டைப்பெட்டி சரக்கோடு போயிற்று. இரும்பு ரேக் தனிக் கணக்கு.

தனிக் கணக்கு என்றதும் சிறு தொழிற்சாலைக்காரருக்கும் கிளியரிங் ஏஜென்ட்டுக்கும் நடக்கும் பேச்சு இப்படித்தான் போகும்.

“ரேக்கு எல்லாம் திரும்பப் போகுமா சார்?”

“மாசாமாசம் போய்ட்டுத்தானே இருக்கு. லாரியில நீங்கதானே ஏத்தி விடுறீங்க!”

“எனக்குத் தெரியும் சார். வந்த அதே ரேக்குதான் போச்சுன்னு ஆபீசர் கேட்டா எதைக் காட்டுவீங்க? அதுல நம்பர் இருக்கா?”

நம்பர் இல்லை. ஐந்நூறு ரேக்குகளும் ஒரே நீலம், ஒரே அளவு. ஜனவரியில் வந்த நூறில் எழுபது மார்ச்சில் போகிறது, மீதி முப்பதில் பழைய பத்து கலந்து ஜூனில் போகிறது. எந்த ரேக் எந்தப் பத்திரத்துக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. பெரிய கம்பெனிகள் பார்கோடு ஒட்டி, புகைப்படம் எடுத்து, ஆள் போட்டுக் கணக்கு வைக்கின்றன. சின்னவர் பத்திரமும் வேண்டாம், தலைவலியும் வேண்டாம் என்று வரியைக் கட்டிவிடுகிறார். அல்லது ரேக்கையே விட்டுவிட்டு ஒருதரம் வந்து போகும் மரப்பெட்டிக்கு மாறுகிறார். அந்த மரத்தில் பூச்சி வராமல் இருக்க, நடுப்பகுதி வரை 56 டிகிரி வெப்பம் ஏற்றி முப்பது நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அவ்வளவு பாடுபட்டுச் செய்த பெட்டி, சரக்கு இறங்கிய மறுநாள் விறகு.

இதற்குத் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சரக்கை அடுக்கித் தூக்கும் தட்டுகளுக்காக (பேலட்) 1960-இல் ஜெனீவாவில் முடித்த ஐரோப்பிய உடன்படிக்கையிலேயே இருக்கிறது. தட்டுக்கும் எண் கிடையாது. ஆகவே உள்ளே வந்த அதே தட்டுதான் வெளியே போக வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. அதே வகையில், ஏறக்குறைய அதே மதிப்பில், அதே எண்ணிக்கை போனால் போதும் என்றார்கள். 1994-இல் பல கம்பெனிகள் பொதுவில் வைத்துச் சுழற்றும் கன்டெய்னர்களுக்காக வந்த உடன்படிக்கையும் இதே சமன்கணக்கை ஏற்றுக்கொண்டது. வகை வாரியாக வரவு, செலவு, இருப்பு என்று ஒரு பேரேடு. ஆண்டுக்கொரு தடவை தணிக்கை. குறைந்த ரேக்குக்கு வரி. இந்த ஏற்பாட்டை ஒரகடத்துச் சிறு தொழிற்சாலைக்கும் தெளிவான விதியாக எழுதித் தர முடியும், தர வேண்டும். கப்பல் கம்பெனியின் நாற்பதடிப் பெட்டியை நம்புகிற அரசு, நான்கடி ரேக்கை நம்புவதற்குத் தயங்க ஒரு நியாயமும் இல்லை.

நம் பெட்டி இதற்குள் கிழடு தட்டியிருக்கும். பிறந்து ஐந்தாம் ஆண்டில் முதல் பாதுகாப்புப் பரிசோதனை, அதன்பின் முப்பது மாதத்துக்கு ஒருமுறை, அல்லது கம்பெனி வைத்திருக்கும் தொடர் சோதனைத் திட்டம். கூரையில் ஒட்டு, அடித்தூணில் துரு, தரைப்பலகை நைந்து, இனிச் செப்பனிட்டுக் கட்டுப்படியாகாது என்று ஆகும்போது அது எந்த யார்டில் நிற்கிறதோ அங்கேயே விற்றுவிடுவார்கள். அது மாதவரமாக இருந்தால், இத்தனை ஆண்டுகள் கேட்காத வரியை இந்தியச் சுங்கம் அன்றைக்குக் கேட்கும். ரயில் எஞ்சின்களுக்கான 86-ஆம் அத்தியாயத்தில், 8609 என்ற தலைப்பின் கீழ், முதன்முறையாக இந்தப் பெட்டி தானே ஒரு சரக்காகப் பதிவாகிறது. பழசின் மதிப்புக்கு வரி கட்டி, பத்திரத்திலிருந்து அதன் எண்ணை நீக்கிய பிறகுதான் விற்க முடியும். பாதுகாப்புத் தகட்டைக் கழற்ற வேண்டும், உரிமையாளர் குறியீட்டை அழிக்க வேண்டும். அதற்குப் பிறகு அது கட்டட வேலை நடக்கும் இடத்தில் என்ஜினீயரின் அறையாகவோ, சிமென்ட் மூட்டை வைக்கும் கிடங்காகவோ, ஜன்னல் வெட்டிய டீக்கடையாகவோ ஆகலாம்.

பழைய பெட்டி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் துருவையும் விலையையும் மட்டும் பார்க்கிறார்கள். வரி கட்டிய பில் ஆஃப் என்ட்ரி நகலையும் கேட்டு வாங்க வேண்டும். அதில் இருக்கும் எண்ணும் கதவில் தெரியும் எண்ணும் ஒன்றுதானா என்று, பெயின்ட் அடித்து மறைக்குமுன் பார்த்துவிட வேண்டும். அந்தக் காகிதம் இல்லாத பெட்டி, யார் வீட்டுக் கொல்லையில் நின்றாலும், சுங்கத்தின் கணக்கில் இன்னும் திரும்பிப் போக வேண்டிய பெட்டிதான்.